பாலப் பராமரிப்பு: கேள்வி பதில்

(நெடுஞ்சாலைப் பாலப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், வாசகர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.)

திருச்சி வாசகர்: கொள்ளிடம் பழைய பாலம் 2018 வெள்ளத்தில் விழுந்ததே, வயதாகிவிட்டதுதானே காரணம்?

1928இல் கட்டிய பாலம், வயது உண்டுதான். ஆனால் 2016இலேயே பக்கத்துப் புதுப் பாலத்துக்கு வாகனங்களை மாற்றிவிட்டார்கள். பாரம் ஏறாத பாலம் விழுகிறதென்றால் தூணுக்கு அடியில் பார்க்க வேண்டும். ஓடிவரும் தண்ணீர் தூணில் மோதி, கீழ்நோக்கிச் சுழன்று, அடிமண்ணைத் தோண்டும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு: வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் வண்டல் வந்து நிரம்பிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் ஆற்றுப்படுகை சமமாக, எதுவும் நடக்காததுபோல இருக்கும். அதனால் வெள்ளம் ஓடும்போதே ஆழம் அளக்க வேண்டும். வடிந்தபின் தூணடியில் கம்பியை இறக்கி, கெட்டி மண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரிப்பு தெரிந்தால் பெரிய கற்களைக் கொட்டிக் காப்பார்கள். பக்கத்திலேயே மணலை அள்ளிக்கொண்டிருந்தால் அந்தக் கல்லும் இறங்கிவிடும்.

நாகர்கோவில் வாசகி: பேருந்து போகும்போது பாலம் அதிர்கிறது. பயப்படணுமா?

வேண்டாம். அதிராத பாலமே கிடையாது. முன்பு இல்லாத ‘டமார்’ சத்தம் இணைப்பில் கேட்டாலோ, கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் தொய்ந்து தெரிந்தாலோ உடனே சொல்லுங்கள்.

மதுரை வாசகர்: பாலத்தின் அடியில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமெண்ட் பூசினால் போதுமா சார்?

போதாது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்தே காங்கிரீட்டைத் தள்ளும். கம்பிக்குப் பின்னால்வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அப்புறம்தான் பூச வேண்டும். அதற்கும் முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பாருங்கள். பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும், இல்லையென்றால் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் (வெயிலில் பாலம் நீள இடம் விட்டிருக்கும் இணைப்பு) ரப்பர் கிழிந்திருக்கும்.

ராமநாதபுரம் வாசகர்: பாம்பனில் புதுப் பாலமும் துருப்பிடிக்காதா?

உப்புக்காற்று யாரையும் விடாது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் உண்டு. ஆய்வு அதற்கும் தேவைதான்.

தஞ்சாவூர் வாசகி: பாலத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டத் தயங்குகிறார்கள்.

கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துக் கோயில் பக்கம் நட்டுவிடுங்கள், பாவமும் வராது. வேர் போன விரிசலைக் காரையால் அடைக்க மறக்காதீர்கள்.

கோவை வாசகர்: குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் பழுதுபார்த்துத் திறந்த சில நாளிலேயே அறுந்ததே, எப்படி?

2022 அக்டோபர் 30. 135 பேர் இறந்தார்கள். தரையை அலுமினியத் தகடாக மாற்றினார்கள். தாங்கும் வடம் பழையதே. அதன் 49 கம்பிகளில் 22 முன்பே அரித்துப்போயிருந்ததாக விசாரணைக் குழு சொன்னது. கண்ணுக்குத் தெரிவதைப் புதுப்பித்துவிட்டு, பாரம் தாங்குவதை விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்.

சேலம் வாசகர்: பாலத்தின் மேல் திரும்பத் திரும்ப தார் போடுவது நல்லதுதானே?

பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் நல்லது. எடுக்காமல் போட்டால் ஒவ்வொரு அடுக்கும் நிரந்தரப் பாரம். வடிகுழாய் வாயும் ஜாயிண்டும் தாருக்கு அடியில் போய்விடும். அடுத்த முறை ரோலர் வரும்போது அந்த வாய் திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.