தாலாட்டு புரியவில்லையா? ஸ்பீக்கரை விடுங்கள், மெத்தையை எடுங்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், பங்குனியில் பத்து நாள் ஓர் ஒலிக் காட்சி வைக்க இருக்கிறோம். நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள ஐந்து அறைகளில் தாலாட்டு, கண்டாங்கிச் சேலை நெய்யும் தறி, ஆட்டுக்கல், கிணற்று ராட்டினம், பொங்கல் குலவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. எல்லாம் நாங்களே பதிவு செய்தவை. சோதனை ஓட்டத்தில் தாலாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பக்கத்து அறைத் தறிச் சத்தம் வேறு வந்து கலக்கிறது. ‘டைரக்‌ஷனல் ஸ்பீக்கர்’ ஐந்து போட்டால் தீரும், ஆறு லட்சம் ஆகும் என்கிறார் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கோளாறு உங்கள் ஸ்பீக்கரில் இல்லை, அறையில் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கண்ணாடி மாதிரி வழுக்கும். கீழே தரையெல்லாம் வழவழப்பான ஆத்தங்குடிக் கல். ஒலியைக் குடித்துக்கொள்ள அந்த அறையில் எதுவுமே கிடையாது. ‘ஆராரோ’ என்று பாட்டி இழுத்தது அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து அதன்மேல் விழுகிறது. அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுங்கள், எவ்வளவு நேரம் கேட்கிறது என்று எண்ணுங்கள். 20 அடிக்கு 16 அடி, 13 அடி உயரம் உள்ள வெற்று அறையென்றால் என் கணக்குக்கு மூன்று, நான்கு விநாடி வரும். பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு விநாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டாளர் அந்த அறையில் ஒருமுறையாவது கை தட்டிப் பார்த்தாரா? கேளுங்கள். தட்டாமல் விலை சொல்பவரிடம் எதையும் வாங்கக் கூடாது.

அவர் சொல்லும் கருவி பொய்யானதல்ல. காதுக்குக் கேட்காத மிக உயர்ந்த அதிர்வின்மேல் ஒலியை ஏற்றி, டார்ச் வெளிச்சம் போல ஒரே திசையில் அனுப்புவார்கள். கம்பளமும் திரையும் உள்ள அரங்கில் அருமையாக வேலை செய்யும். ஆனால் டார்ச்சைக் கண்ணாடி மாளிகைக்குள் அடித்தால் என்ன ஆகும்? ஆத்தங்குடிக் கல்லில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து வாசல் வழியாக அடுத்த அறைக்கும் போகும். ஓர் அருங்காட்சியகத்தில் இப்படி மாட்டியதை நானே கழற்றியிருக்கிறேன். கேட்பவர் தலைக்கு மேல் இருந்த கருவியின் குரல், இருபதடி தள்ளி இருந்த காவலாளியின் நாற்காலியில்தான் தெளிவாகக் கேட்டது. தவிர, இந்தக் கருவியில் அடிக்குரல் மெலிந்துவிடும். ஆட்டுக்கல்லின் அந்தக் கனத்த உறுமலை இதில் எதிர்பார்க்கவே முடியாது.

1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் இதே புகார்தான். ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தைகள் கூடக்கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. இன்று உலகத்து அரங்குகளுக்கெல்லாம் போடும் கணக்கின் ஆரம்பம் அந்த மெத்தைகள்தான்.

ஆகவே பரணிலிருந்து பஞ்சு மெத்தைகளை இறக்குங்கள். நல்ல கனமான பருத்தி மெத்தை, ஓர் அறைக்கு நான்கைந்து. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் கனத்த ஒலியையும் ஓரளவு பிடிக்கும். எதிரொலி பாதியாகக் குறையும். விளக்கு, வயர் பக்கம் மட்டும் போக விடாதீர்கள். முட்டை அட்டையை ஒட்டுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதனால் பெரிய பலன் கிடையாது. ஒரு அங்குல நுரைப் பஞ்சு கீச்சொலியை மட்டும்தான் குறைக்கும், தீப்பிடித்தால் நச்சுப் புகை வேறு.

அடுத்தது, ஸ்பீக்கரைச் சுவர் உச்சியில் மாட்டாதீர்கள். உங்கள் வெற்று அறையில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போனாலே அசல் குரலை எதிரொலி மிஞ்சிவிடும். மெத்தை தொங்கவிட்ட பிறகு அந்த எல்லை ஒரு முழத்துக்குச் சற்று மேலே போகும். எனவே சிறிய ஸ்பீக்கர் ஒன்றை, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் மெல்லப் பாடும் அளவுக்கு மேல் சத்தம் போகக் கூடாது. கனடாக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001-இல் நாற்பது குரல்களைத் தனித்தனியே பதிவு செய்து, நாற்பது ஸ்பீக்கர்களில் ஆளுக்கு ஒன்றாக நிறுத்தினார். நடுவில் நின்றால் மொத்தப் பாடகர் குழு, ஒன்றின் அருகே போனால் ஒரே ஒருவரின் குரல். அந்த அருகாமைதான் உங்கள் தாலாட்டுக்கும் வேண்டும். சத்தத்தைக் குறைத்தாலே தறி அறைத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும். மீதிக்கு அந்தத் தேக்குக் கதவை ஒருக்களித்துச் சாத்துங்கள்.

இதெல்லாம் குலவைக்குப் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மெத்தை கிடைத்த உற்சாகத்தில் எல்லா அறையிலும் தொங்கவிட்டுவிடுவார்கள். குலவை ஒரு காதுக்காக இடுவது அல்ல, அதில் புரிந்துகொள்ள வார்த்தையும் இல்லை. நாலு பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் அந்த ஒலி, சுவரில் பட்டு நாற்பது பெண்களாகத் திரும்பி வர வேண்டும். மெத்தை போட்ட அறையில் போட்டுப் பாருங்கள், யாரோ போனில் சீழ்க்கை அடிப்பதுபோல இருக்கும். குலவையை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். வளவுத் தூணடியில் இரண்டு ஸ்பீக்கர், தூணைப் பார்த்துத் திருப்பி. ஓயாமல் ஓட விடாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை, இருபது விநாடி. அப்போது மட்டும் மற்ற அறைகளை நிறுத்துங்கள். அறைக்குள் இருப்பவர்கள் எழுந்து வெளியே வருவார்கள், வரட்டும். வீடு தன் குரலில் பேசும் இடம் அது ஒன்றுதான்.

ஆட்டுக்கல்லைக் காதால் கேட்க வைக்காமல் எலும்பால் கேட்க வைக்கலாம். அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சன் 1978-இல் இதற்கென்றே ஒரு மேஜை செய்தார். முழங்கையை மேஜைமேல் ஊன்றி, உள்ளங்கையால் காதைப் பொத்தினால் கை எலும்பு வழியாக இசை ஏறும். உங்கள் பழைய தேக்கு மேஜையின் அடியில் எக்ஸைட்டர் என்ற சிறு அதிர்வுக் கருவியை ஒட்டினால் போதும், கூடவே ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர். மரத்திலிருந்து கொஞ்சம் சத்தம் கசியும், குறைத்து வையுங்கள். மாவு அரைபடும் அந்த அதிர்வு முழங்கையில் ஏறும்போது பெரியவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏற்பாட்டாளர் அதற்கும் ஒரு தொகை போடுவார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகக் கூடாது. காவல் நிலையத்தில் நீங்களே மனு கொடுங்கள், இதற்கு இடைத்தரகர் தேவையே இல்லை. ஆனால் பொறுமையோடு போங்கள். ஓர் ஊரில் என்னிடம் ‘கச்சேரியா, பொதுக்கூட்டமா?’ என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். தெருவுக்கே கேட்காத ஒலிக்கு அந்தப் படிவத்தில் ஓர் இடம் இல்லை. அரசு விழா டெண்டர்களும் இதே கதைதான்: எத்தனை வாட், எத்தனை பெட்டி என்று கேட்பார்கள், கேட்பவருக்குப் புரிந்ததா என்று ஒரு வரி இருக்காது. வாட் கணக்கில் பணம் கொடுத்தால் வாட் கணக்கில்தான் விற்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாலாட்டு அறையில் மட்டும் மெத்தையைக் கட்டி, வீட்டில் உள்ள சாதாரண ஸ்பீக்கரை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் பாட்டைப் பாடியவரையே உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கூடச் சேர்ந்து முணுமுணுத்தால் அறை சரியாகிவிட்டது. இல்லையென்றால் இன்னும் இரண்டு மெத்தை.