பங்கை வைத்திருப்பதா, விற்று விற்று வாங்குவதா? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி, ஹோட்டல் ஊழியர்: கொழும்புச் சந்தையில் இலாபத்துக்கு வரி இல்லைதானே அண்ணா? மாதம் ஒருக்கா விற்று வாங்கினால் என்ன?

பட்டியலிட்ட பங்கை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை, சரி. ஆனால் தரகு, சந்தைக் கட்டணம், 0.3 வீதப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்ந்து வாங்கும்போது சுமார் 1.12 வீதம் போகும், விற்கும்போதும் அவ்வளவு போகும். ஒரு இலட்சத்தைப் போட்டு எடுத்தால் 2,240 ரூபாய். மாதம் ஒரு தடவை சுழற்றினால் வருடத்துக்கு 27,000க்குக் கிட்ட. அதை உழைத்து முடித்த பிறகுதான் தம்பிக்கு இலாபம். வைத்திருப்பவருக்கோ பங்கிலாபத்தில் 15 வீதம் பிடிப்பார்கள், அவ்வளவுதான்.

அவரே: ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசில் 30 வீதம் எடுத்துப் போடலாமா?

முடியாது. அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும். நல்ல வேளை!

தம்பலகாமம், ஒரு அக்கா: ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் ரி.எஃப்.எஸ்.ஏ என்ற கனடிய வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் மலிவுச் சுரங்கப் பங்குகள் வாங்கி விற்கிறார். வரியே இல்லை என்கிறார். உண்மையா?

பாதி உண்மை, அக்கா. இலாபம் வந்தால் வரி இல்லை. நட்டம் வந்தால்தான் சிக்கல். அந்தக் கணக்கில் போடக்கூடிய காசுக்கு வரம்பு உண்டு; அதைத்தான் ‘இடம்’ என்கிறேன். 10,000 டொலர் போட்டு அது 2,000 ஆகி, அதை எடுத்தால், அடுத்த வருடம் திரும்பப் போடக் கிடைக்கும் இடம் 2,000க்கு மட்டுமே. மிச்ச 8,000க்கான வரியில்லா இடம் போனது போனதுதான். சாதாரணக் கணக்கில் என்றால் அந்த நட்டத்தை வேறு ஆதாயத்தோடு கழித்திருக்கலாம்; இங்கே அதுவும் இல்லை.

இன்னொன்று. அதையே வியாபாரமாகச் செய்தால் வருமான வரித்துறை கையை வைக்கும். முதலீட்டு ஆலோசகர் ஒருவர் 15,000 டொலரைப் போட்டு, இப்படியான சுரங்கப் பங்குகளிலேயே 6 இலட்சத்துக்கு மேல் ஆக்கினார். அதற்கு வரி கட்டத்தான் வேண்டும் என்று கனடிய வரி நீதிமன்றம் 2023இல் தீர்த்தது. ஆர்.ஆர்.எஸ்.பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் அந்தப் பயம் இல்லை. ஆனால் எடுக்கும்போது முழுத்தொகையும் சம்பளம் போலவே வரிக்குள் வரும், மூலதன ஆதாயத்தில் பாதிக்கு மட்டும் வரி என்ற சலுகை கிடையாது. துணிந்து ஆடத்தான் வேண்டுமென்றால் தோற்றாலும் உறைக்காத தொகையைச் சாதாரணக் கணக்கில் வைத்து ஆடச் சொல்லுங்கள். ரி.எஃப்.எஸ்.ஏயில் ஆறப்போடும் பங்கு இருக்கட்டும்.

சீனக்குடா வாசகர்: லங்கா ஐ.ஓ.சி எங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் எரிபொருள் கம்பனி. வாங்கி வைத்தால் போதும்தானே?

எண்ணெய்த் தாங்கியைப் பார்ப்பது வேறு, கணக்கறிக்கையைப் பார்ப்பது வேறு. 2022இல் அந்தப் பங்கு எகிறியபோது உச்சத்தில் ஏறியவர்களும் ‘எங்களூர்க் கம்பனி’ என்றுதான் சொன்னார்கள். எந்த விலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் ‘வைத்திருக்கிறேன்’ என்றால் எனக்குப் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிண்ணியா: பணிக்கொடைக் காசைப் பங்கில் போடலாமா?

சேர், 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடியே கிடந்தது. 2022 ஏப்ரலிலும் ஐந்து வர்த்தக நாள்கள் மூடினார்கள். அந்த நேரம் மகளின் கலியாணத்துக்குக் காசு வேண்டும் என்றால், நீண்டகாலம் வைத்திருந்தவரும் விற்க முடியாது, நாளாந்தம் விற்பவரும் விற்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் காசை நிலையான வைப்பிலேயே விடுங்கள். மீதி எவ்வளவு என்று எழுதினால் மேற்கொண்டு பேசலாம்.