பழைய படங்களில் வரும் அரிய ஐரோப்பிய ஓப்பன் கார்கள் எந்த மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திரையில் நாலைந்து நொடி மட்டும் வந்துபோகும் காரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் முன்பக்க வலைத்தட்டியான கிரில்லையும் அதிலிருக்கும் சின்னத்தையும்தான் பார்ப்பார்கள். அதில் கம்பெனி தெரியும், மாடல் பெரும்பாலும் தெரியாது. நான் முதலில் பார்ப்பது கதவையும் முன் கண்ணாடியையும்.

1962இல் வந்த டினோ ரிசியின் 'இல் சொர்பாஸ்ஸோ' என்ற இத்தாலியப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டோரியோ காஸ்மன் அதில் ஓட்டுவது லான்சியா அவுரேலியா பி24. ரோமிலிருந்து அவர் கிளம்பிப் போகும் நெடுஞ்சாலைக்கும் அவுரேலியா என்றுதான் பெயர், அந்தச் சாலையின் பெயரைத்தான் காருக்கே வைத்தார்கள். சரி, பி24 என்று கண்டுபிடித்தால் வேலை முடிந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் பி24இல் இரண்டு வகை உண்டு. முதலில் வந்த ஸ்பைடர் 1954, 55இல் மொத்தமே 240 செய்தார்கள், பிறகு 1956 முதல் 58 வரை கன்வர்ட்டபிள் என்ற பெயரில் 521. இரண்டையும் வடிவமைத்தது பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்புக் கம்பெனிதான், இரண்டிலும் இருப்பது 2.5 லிட்டர் வி6 இன்ஜின், தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஸ்பைடரின் முன் கண்ணாடி இரண்டு பக்கமும் நன்றாக வளைந்து பின்னால் வரும், கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. கன்வர்ட்டபிளில் அந்தப் பெரிய வளைவு இல்லை, கைப்பிடி உண்டு, கண்ணாடியும் ஏறி இறங்கும். இனி கதவு தெளிவாகத் தெரியும் ஒரு காட்சியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். படத்தில் இருப்பது கன்வர்ட்டபிள். இன்றும் பலர் அதை ஸ்பைடர் என்றே எழுதுகிறார்கள், ஏலத்தில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரியது என்பதால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

1960இல் வந்த 'லா டோல்சே வீட்டா'வில் நடிகர் மாஸ்ட்ரோயான்னி ஓட்டும் டிரையம்ஃப் காரிலும் கைப்பிடிதான் கைகொடுக்கும். டிரையம்ஃபின் சாதாரண டிஆர்3 மாடலில் வெளிக் கைப்பிடி இல்லை, டிஆர்3ஏ-வில் உண்டு, கிரில்லும் முழு அகலத்துக்கு இருக்கும். படத்தில் வருவது 3ஏ.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 'டு கேட்ச் எ தீஃப்' படத்தில் கிரேஸ் கெல்லி ரிவியேரா மலைச்சாலையில் விரட்டும் நீல நிறக் காரும் சன்பீம் ஆல்பைன், 'டாக்டர் நோ'வில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டுவதும் சன்பீம் ஆல்பைன். முதலாவது 1953இல் வந்தது, உருண்டு திரண்ட உடம்பு. மற்றது 1959இல் புதிதாக வந்த வேறு கார், பின்பக்கம் மீன் துடுப்பு போலக் கூராக எழும்பி நிற்கும்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் உடனே இங்கிலாந்துக் கார் என்று முடிவுகட்டவும் வேண்டாம். லான்சியா 1950களின் தொடக்கம் வரை இத்தாலியிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்தான் வைத்தது. அப்புறம் நம்பர் பிளேட். அந்தக் கால இத்தாலிய பிளேட்டில் ரோமுக்கு மட்டும் முழுப் பெயர் இருக்கும், மற்ற ஊர்களுக்கு இரண்டே எழுத்து. 1950 முதல் 2009 வரை வழங்கிய பிரெஞ்சு பிளேட்டில் கடைசி இரண்டு இலக்கம் மாவட்டத்தைச் சொல்லும், 75 பாரிஸ், 06 நீஸ் பக்கம். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் காட்சியையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள், ஸ்டீயரிங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இத்தனையும் சரியாகப் பொருந்தினாலும் அது நகலாக இருக்கலாம். 1986இல் வந்த 'ஃபெர்ரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்தின் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா அப்படித்தான். அசல் சுமார் நூறுதான் செய்யப்பட்டது, அதை வைத்துச் சாகசக் காட்சி எடுக்க முடியாது என்பதால் ஃபைபர் கிளாஸ் உடம்பு கொண்ட நகல்களை ஓட்டினார்கள்.

முதலில் இன்டர்நெட் மூவி கார்ஸ் டேட்டாபேஸ் தளத்தில் படத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் இங்கே போடுங்கள், ஆனால் முன்பக்கப் படம் வேண்டாம், கதவும் கண்ணாடியும் பக்கவாட்டில் தெரியும் படமாக இருந்தால் நல்லது.