பயண நேரத்தில் இன்னொரு வேலை: வாசகர் கேள்விகள்

காட்பாடியிலிருந்து சீசன் டிக்கெட்டில் தினமும் சென்னைக்குப் போகிறேன். ஏறியதும் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மெயில்களை முடிக்கிறேன். நேரம் மிச்சம்தான். ஆனால் சென்ட்ரலில் இறங்கும்போதே சோர்ந்துவிடுகிறேன். ஏன்?

மெயிலுக்குப் பாதி பதில் அடித்திருப்பீர்கள். வாலாஜா ரோட்டில் கூட்டம் ஏறும், மடியில் லேப்டாப்போடு நகர்ந்து இடம் கொடுப்பீர்கள். அதற்குள் மேனேஜரின் வாட்ஸ்அப். மறுபடி மெயில். மூளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம், விட்ட இடத்தைப் பிடிக்கவே கொஞ்சம் தெம்பு போய்விடுகிறது. முடிக்காத வேலையின் நினைப்பு அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டே வரும் என்று 2009-இல் சோஃபி லெராய் தன் ஆய்வில் காட்டினார்.

அதற்காக லேப்டாப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரயிலில் வேலை செய்யச் சொன்னது யார்? சாயங்காலம் சீக்கிரம் கிளம்பலாம் என்று நீங்களே முடிவெடுத்திருந்தால் அது உங்களுக்கு நல்லது. ரயில் நேரமும் ஆபீஸ் கணக்கில் போகிறது, சாயங்காலமும் நேரத்தில் விடுவதில்லை என்றால், உங்கள் நாளைத்தான் பிடுங்குகிறார்கள். மேனேஜரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். அதுவரை, அரக்கோணம் வரை ஒரே ஒரு வேலை. அரக்கோணம் தாண்டியதும் மூடிவையுங்கள்.

லேடீஸ் பெட்டியில் பேசிக்கொண்டே பூ கட்டுவோம். இதுவும் கெடுதலா?

இல்லவே இல்லை. பழகிய கைக்கு யோசனை தேவையில்லை. பேச்சுத்துணையும் சேர்ந்தால் மனசுக்கு நல்லது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் வீடியோ பார்த்தால் தலை சுற்றுகிறது. சும்மா உட்கார்ந்தால் நேரம் வீணாகிறதே என்று இருக்கிறது.

கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காது வண்டியின் குலுக்கலை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் தலைசுற்றல். ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள், குறைந்த சத்தத்தில் பாட்டுக் கேளுங்கள். விடிவதற்குள் எழுந்து சமைத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, பஸ்ஸில் கண்ணை மூடும் நேரம் வீணே கிடையாது, அம்மா. அந்த ஓய்வு உங்களுக்குச் சேர வேண்டியது.

பைக்கில் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறேன். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுகிறேன். கை இரண்டும் ஹேண்டில்பாரில்தானே இருக்கிறது?

கை இருக்கிறது தம்பி, கவனம் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். போன் பேசிக்கொண்டு ஓட்டினால் விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை. மற்றவர்களுக்குச் சொன்ன விட்டுக்கொடுப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது. ‘வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டேன், போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடுகிறேன்’ என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.