வாசகர் கேள்வி பதில்: ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிராம்?

குடியாத்தம் வாசகர்: எங்கள் விசைத்தறிக்கு வரும் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியில் தயாராவது என்கிறார்கள். யூனிட்டுக்கு 820 கிராம் கரியமிலவாயு என்று ஓர் இடத்தில் படித்தேன், இன்னோர் இடத்தில் ஒரு கிலோவைத் தாண்டுகிறது, மத்திய மின்சார ஆணையம் 700 கிராம் சொச்சம் என்கிறது. எதை நம்புவது ஐயா?

பதில்: மூன்றையும் நம்பலாம், ஆனால் மூன்றும் ஒரே கணக்கு இல்லை. இலவம்பாடியில் முள்ளுக்கத்திரி போடுகிறவரிடம் கிலோவுக்கு என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள். பறிப்புக் கூலியை மட்டும் சொன்னால் ஒரு தொகை. உழவு, நாற்று, எரு, மருந்து, வேலூர் மார்க்கெட் வரைக்கும் வண்டி வாடகை, வழியில் நசுங்கிப் போனது எல்லாவற்றையும் சேர்த்தால் வேறு தொகை.

கரண்டும் அப்படித்தான். ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டுகிற நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கே கப்பலேறி எண்ணூரில் இறங்கி, வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. சுரங்கத்தில் கசிகிற மீத்தேன், லாரியும் ரயிலும் கப்பலும் குடிக்கிற எண்ணெய், ஆலை கட்டிய சிமெண்டும் இரும்பும், கடைசியில் சாம்பலை அள்ளிக் கொட்டுகிற வேலை வரை எல்லாவற்றையும் ஒரு யூனிட்டுக்குப் பங்கு பிரித்துக் கூட்டுவதுதான் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்கு.

820 என்பது 2014-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. பல ஆய்வுகளைத் திரட்டிச் சொன்ன நடுமதிப்பு. 2021-இல் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் போட்ட கணக்கில் 751 முதல் 1095 கிராம் வரை வந்தது, ஊருக்கு ஊர் ஆலையும் கரியும் வேறு இல்லையா. நம் ஆணையத்தின் 700 சொச்சம், காற்றாலை, அணை, அணு உலை, சோலார் எல்லாம் கலந்த நாட்டுச் சராசரி, அதிலும் புகைபோக்கியில் வருவது மட்டும். அதை 820-க்குப் பக்கத்தில் வைத்து ‘நம் நிலக்கரி பரவாயில்லை’ என்று பேசுவது சுத்தத் தப்பு. போதாததற்கு, இதெல்லாம் பெரும்பாலும் ஆலை வாசல் கணக்கு. குடியாத்தம் வந்து சேருவதற்குள் கம்பியில் போகிற இழப்புக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சோலாருக்குப் புகைபோக்கியே கிடையாது, அதன் சுமை எல்லாம் தகடு செய்கிற இடத்தில். அதையும் விடாமல் கூட்டித்தான் ஐ.பி.சி.சி. மாடி சோலாருக்கு 41 கிராம் போட்டது.

காட்பாடி மாணவி: ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி போதும் என்றால், அதிலிருந்து ஒரு கிலோ வாயு எப்படி வரும்?

பதில்: காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேருகிறதே அம்மா. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 44 கிராம் ஆகும். நம் நாட்டுக் கரியில் சாம்பலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும், அதனால் 700 கிராமில் கார்பன் 270 கிராம் என்று வைத்துக்கொள். 270-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 990.

ராணிப்பேட்டை வாசகர்: கேஸில் எடுக்கிற மின்சாரம் நிலக்கரியில் பாதிதான் கெடுதல் என்பது உண்மையா?

பதில்: ஐ.பி.சி.சி. எண்ணைப் பார்த்தால் 490, பாதியை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் கேஸ் என்பது பெரும்பாலும் மீத்தேன்தான், அது எரியாமல் கசிவதை எவ்வளவு என்று வைத்தார்கள், அதன் சூட்டை எத்தனை ஆண்டுக்கு அளந்தார்கள் என்பதைப் பார்க்காமல் அந்தப் பாதியை நான் ஏற்க மாட்டேன். நல்ல ஆலையில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 150 கிராம் மீத்தேன் எரிந்து 410 கிராம் கரியமிலவாயு வரும். கிணற்றிலிருந்து ஆலை வரை குழாயில் 3 சதவீதம் கசிந்தால் 4.5 கிராம், கேட்கவே அற்பமாக இருக்கிறது, இல்லையா? நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் அதே எடை கரியமிலவாயுவைப் போல ஏறக்குறைய 30 மடங்கு சூடேற்றும், அதனால் 135 கூடி 545 ஆகும். 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல், அப்போது 360 கூடி 770. நிலக்கரியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டது! நியாயமாகப் பார்த்தால் சுரங்க மீத்தேனையும் அதே 20 ஆண்டுக் கோலால் அளக்க வேண்டும், அப்போது நிலக்கரியின் எண்ணும் ஏறும். சித்திரை வெயிலில் தவிக்கிற நமக்கு, நம் பிள்ளைகள் தலையெடுக்கப் போகிற அந்த 20 ஆண்டுக் கணக்கையும் நூறு ஆண்டுக் கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.