லைட் மட்டும் போய்விட்டது, ஃபேன் ஓடுகிறது: மின்சாரக் கேள்விகளுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதி ஒரே வரிதான்: "லைட் எரியவில்லை, என்ன செய்வது?" இதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. லைட் போன அதே நேரத்தில் வீட்டில் வேறு எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். கோளாறு எங்கே என்பதில் முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடும். அப்படி விவரமாக எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஹால், படுக்கையறை லைட்டுகள் ஒரே நேரத்தில் அணைந்தன. ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றன. எம்சிபி எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

எம்சிபி என்பது கரண்ட் அதிகமானால் தானாக விழும் (டிரிப் ஆகும்) ஸ்விட்ச். அதை இன்னொரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். சில வகைகளில் டிரிப் ஆனதும் நெம்பு முழுவதும் கீழே வராது, நடுவில் நின்றுவிடும். தூரத்தில் இருந்து பார்த்தால் மேலே இருப்பது போலவே தோன்றும். அதை அப்படியே மேலே தள்ளினாலும் நிற்காது. முழுவதும் கீழே இறக்கிவிட்டு அப்புறம்தான் ஏற்ற வேண்டும். லைட்டுக்கு என்று தனியாக 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபி இருக்கும், அதைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், வயரிங் போகும் வழியை யோசிக்க வேண்டும். பல வீடுகளில் ஒரு போர்டில் இருந்து அடுத்த போர்டுக்கு என்று தொடர்ச்சியாகத்தான் வயர் இழுத்திருப்பார்கள். நடுவில் ஒரு ஜாயிண்ட் லூஸ் ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அணையும், முன்னால் இருப்பது எரியும். எரிகிற கடைசி லைட் எது, எரியாத முதல் லைட் எது என்று குறித்து வையுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். வருகிற எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: அண்ணா, டெஸ்டர் வைத்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது. ஆனால் எதுவும் ஓடவில்லை. இரட்டைக் கரண்ட் வருகிறதா?

இல்லை. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், அறுந்திருக்கிறது. ஏதோ ஒரு லைட்டோ சார்ஜரோ ஆன் நிலையில் இருக்கிறது. பேஸ் வயரில் வரும் கரண்ட் அதன் வழியாகப் போய், திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் வயரிலேயே நிற்கிறது. டெஸ்டர் அதைத்தான் காட்டுகிறது. உறுதி செய்துகொள்ள, அந்தப் பகுதியில் உள்ள ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டர் வையுங்கள். இரண்டாவது ஓட்டையில் வெளிச்சம் போய்விட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எதுவும் ஓடவில்லையே, கரண்ட் இல்லை என்று நினைத்து நியூட்ரல் வயரில் கை வைப்பவர்கள் உண்டு. ஷாக் பேஸ் போலவே அடிக்கும். மெயினை அணைக்காமல் போர்டைக் கழற்ற வேண்டாம்.

டெஸ்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் உள்ள சின்ன நியான் விளக்கு எரிய மிக மிகக் குறைந்த கரண்ட் போதும். கருகிப் போன ஜாயிண்ட் வழியாகக்கூட அது எரியும், ஒரு பல்பு எரியாது. "டெஸ்டர் எரிகிறது, அதனால் சப்ளை நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது தப்பு. மல்டிமீட்டரில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்டினால்தான் நம்பலாம். அதுவும் ஒரு பல்பை ஆன் செய்து வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

கேள்வி: எங்களுடையது மூன்று பேஸ் இணைப்பு. திடீரென்று சில லைட்டுகள் கண் கூசும் அளவுக்கு எரிந்தன, சில மங்கிவிட்டன. இரண்டு பல்பு வெடித்தது. இப்போது டிவியும் வேலை செய்யவில்லை. கரண்ட் ஆபீஸில் சொல்லும்வரை மீதியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. இதைப் படிக்கும்போது மெயின் ஆனில் இருந்தால் முதலில் போய் அணையுங்கள்.

மெயின் நியூட்ரல் அறுந்தால்தான் இப்படி ஆகும். சாதாரணமாக ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் போய்விட்டால் வெவ்வேறு பேஸில் உள்ள சாமான்கள் ஒன்றோடொன்று தொடராக மாட்டிக்கொண்டு அந்த 400 வோல்ட்டைப் பங்கு போடும், சமமாக இல்லாமல். லோடு அதிகம் உள்ள பேஸுக்குக் குறைந்த வோல்ட்டேஜ் கிடைத்து லைட் மங்கும். ஒரே ஒரு பல்பும் டிவியும் மட்டும் உள்ள பேஸ் மீதி வோல்ட்டேஜை எல்லாம் வாங்கிக்கொண்டு வெந்துபோகும். எம்சிபி இதைத் தடுக்காது. அது அதிகக் கரண்டைப் பார்க்குமே தவிர அதிக வோல்ட்டேஜைப் பார்க்காது.

சரி செய்த பிறகும் உடனே எல்லாவற்றையும் போட வேண்டாம். மூன்று பேஸிலும் வோல்ட்டேஜ் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆர்சிசிபி ஏற்றினால் உடனே விழுகிறது. வீடே இருட்டு.

ஆர்சிசிபி என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு அதை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்ற அறைகளுக்கு வெளிச்சம் கொடுக்கலாம். மழைக்குப் பிறகு என்றால் வெளிச்சுவர் லைட்டைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் இறங்கியிருந்தும் விழுகிறதா? வீட்டில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிப் பாருங்கள். சாதாரண எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரலைத் துண்டிக்காது. எங்காவது நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால் ஆர்சிசிபி அப்போதும் விழலாம்.

இது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணையும்படி உயிரைக் காப்பாற்ற வைத்த கருவி. "தொல்லையாக இருக்கிறது, நேராக இணைத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: கரண்ட் இருக்கும்போது எல்லா லைட்டும் எரிகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி புதிது.

இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சைப் பாருங்கள். யாராவது துடைக்கும்போது அணைத்திருப்பார்கள். அது அணைந்திருந்தாலும் பல இன்வெர்ட்டர்கள் மெயின் கரண்டை வீட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கரண்ட் போகும்வரை யாருக்கும் தெரியாது. அடுத்தது பேட்டரி முனையில் லூஸ். அப்புறம் ஓவர்லோடு.

கேள்வி: ஒரே ஹோல்டரில் எல்இடி பல்பு மாற்றி மாற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது.

பல்பு மேல் தப்பில்லை. ஹோல்டரின் ஊசிகள் ஸ்பிரிங் தளர்ந்து ஸ்பார்க் ஆகின்றன, அல்லது மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் சூடு வெளியேறாமல் பல்பின் டிரைவர் (உள்ளே எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) வேகிறது. மெயினை அணைத்துவிட்டு ஹோல்டரை மாற்றுங்கள்.

கேள்வி: ஸ்விட்ச் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது. இதுவும் கோளாறா?

ஸ்விட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாக வரும் துளிக் கரண்ட்தான், பயமில்லை. இண்டிகேட்டர் இல்லை என்றால் ஸ்விட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். அப்படியானால் லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் பேஸ் இருக்கும். பல்பு மாற்றும் முன் மெயினை அணைக்க வேண்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றிப் போடவும் வேண்டும்.

கேள்வி: பழைய வீடு, பியூஸ் கட்டைதான். அடிக்கடி போகிறது. கொஞ்சம் மொத்தமான கம்பி போட்டால் நிற்குமா?

பியூஸ் நிற்கும், சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். எந்தச் சாமானைப் போட்டதும் போகிறது, போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழித்தா என்று கவனித்து எழுதுங்கள். உடனே என்றால் ஷார்ட், கழித்து என்றால் லோடு.