பாட்டு வாயில் இருக்கிறது, பொருள் எங்கே? ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தேசிய கீதத்தை விளக்குதல்

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய ஐந்து வயது மகன் முன்பள்ளியில் இலங்கையின் தேசிய கீதத்தை முழுவதுமாக மனப்பாடம் செய்துவிட்டான். பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின நிகழ்ச்சிக்காக வீட்டிலும் ஓயாமல் பாடுகிறான். ஆனால், "தாயேன்னு பாடுறோமே, அந்த அம்மா எங்க இருக்காங்க?" என்றும், "நாங்க ஏன் பயந்த புள்ளைங்க?" என்றும் அவன் கேட்கும்போது தமக்குப் பதில் வரவில்லை என்கிறார். போதாததற்கு, அப்பாயி முணுமுணுக்கும் "பேரான கண்டியிலே பெத்த தாயை நான் மறந்தேன்" என்ற பழைய பாட்டைக் கேட்டுவிட்டு, இரண்டு பாட்டிலும் வருவது ஒரே அம்மாவா என்றும் கேட்டிருக்கிறான். கீதம் முழுவதற்கும் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதித் தரும்படி அந்தத் தாய் கேட்கிறார்.

சகோதரி, அப்படியொரு பொருள் அட்டவணையை நான் தரப்போவதில்லை. ஆனந்த சமரக்கோன் 1940இல் சிங்களத்தில் எழுதிய பாடலைத் தமிழில் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. அவர் கையாண்டிருப்பது இலக்கியம் கற்றோரின் செந்தமிழ். "நவை", "அடல்செறி" போன்ற சொற்களுக்குப் பெரியவர்களே அகராதியைத் தேட வேண்டியிருக்கிறது. அவற்றுக்கெல்லாம் பொருள் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை பாட்டை மனப்பாடம் செய்தது போலவே பொருளையும் மனப்பாடம் செய்வான், அவ்வளவுதான் நடக்கும். இந்த வயதில் அவன் கேட்ட இடங்களுக்கு விடை சொல்லி, அவன் கண்ணால் காணக்கூடிய ஒரு வரியையும் கையால் செய்யக்கூடிய ஒரு வரியையும் விளக்கினால் போதும். எஞ்சியதை அவன் மேல் வகுப்புகளுக்குப் போகும்போது ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் அந்தப் "பயந்த" என்ற சொல்லைத் தீர்த்துவிடுவோம். "யாமெல்லாம் ஒரு கருணை அனைபயந்த எழில்கொள் சேய்கள்" என்ற வரியை அவன் கேட்டபடியே புரிந்துகொண்டிருக்கிறான்; அது அவனுடைய தவறன்று. இங்கே "அனை" என்றால் அன்னை, "பயந்த" என்றால் பெற்ற. இரக்கமுள்ள ஒரே தாய் பெற்ற அழகிய பிள்ளைகள் நாம் எல்லோரும் என்பதே வரியின் கருத்து. அவனிடம், "பயப்படுற புள்ளைங்க இல்லப்பா, ஒரே அம்மா பெத்த புள்ளைங்க" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, அந்த வரியை உங்களோடு சேர்த்து இரண்டு தடவை பாடச் செய்யுங்கள். இதற்கு அடுத்த அடிகள் நமக்குள் உள்ள பிளவுகளை இழிவெனக் கருதி நீக்குவோம் என்கின்றன. அதைப் புரியவைக்க உரை தேவையில்லை. தேசியக் கொடியில் செம்மஞ்சள் பட்டை தமிழரையும் பச்சைப் பட்டை முஸ்லிம்களையும் குறிக்கின்றன என்பதைக் காட்டி, அவன் கொடிக்கு நிறம் தீட்டும்போது, தலவாக்கலை நகரத்தில் நீங்கள் சாமான் வாங்கும் கடைக்காரர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்துங்கள். முகம் தெரிந்த மனிதர்களைக் கொண்டுதான் இந்த வயதில் "எல்லோரும்" என்ற சொல் நிரம்பும்.

கண்ணால் காணக்கூடிய வரி "வள வயல் நதி மலை மலர்" என்பது. இந்த நான்கில் மூன்று உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. தேயிலை மலைகளுக்கு நடுவே வளரும் பிள்ளை அதிகம் பார்த்திராதது நெல்வயல் ஒன்றுதான். அதையும் ஆற்றைக் கொண்டே காட்டலாம். உங்கள் பக்கத்துச் சென் கிளேயர் அருவியில் விழும் கொத்மலை ஓயா கீழிறங்கி மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கடலை அடைவதற்கு முன், அதன் நீர் பொலன்னறுவைப் பக்கத்து வயல்களுக்கும் பாய்கிறது. மழை பெய்யும் மாலையில் அவனை வாசலில் நிறுத்தி, வடிகானில் ஓடும் தண்ணீரைக் காட்டி, அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ஆற்றுக்கு என்பான். ஆறு எங்கே போகிறது, அங்கே என்ன விளைகிறது, இன்று இரவு நாம் சாப்பிடும் சோறு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், நாடு என்பது தன் வீட்டுக் கூரையில் விழும் மழையோடு தொடர்புள்ள ஓர் இடம் என்பது அவனுக்கு மெல்லப் பிடிபடும். வரைபடத்தை அதற்குப் பிறகு காட்டினால் போதும்.

கையால் செய்யக்கூடியது "நகு மடி தனையோட்டே" என்ற அடி. மடி என்றதும் பிள்ளைக்கு அம்மாவின் மடிதான் நினைவுக்கு வரும். இங்கே அது சோம்பல். திருக்குறளின் 61ஆம் அதிகாரமான மடியின்மை பேசுவதும் இதே மடியைத்தான். பிறர் நகைக்கும் சோம்பலை ஓட்ட வேண்டும் என்பது கருத்து. மலையகத்துக் குளிரில் காலை ஆறு மணிக்குக் கம்பளியை விட்டு எழ மறுக்கும் பிள்ளையிடம் அந்த அடியைப் பாடிக்கொண்டே கம்பளியை இழுத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் அவனே உங்கள் போர்வையை இழுத்துப் பாடுவான். கொழுந்தெடுக்க விடியுமுன்னே எழுகிற உங்களிடம் அது செல்லுபடியாகாது என்பது வேறு விடயம்.

இனி, அந்த அம்மா எங்கே என்ற கேள்வி. இது கடினமானதுதான், ஏனெனில் நாடு என்ற கருத்தே சிறு பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் அமைகிறது. உளவியலாளர் ழான் பியாஜே 1951இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஜெனீவாவில் வாழ்ந்த சிறுபிள்ளைகள் தாங்கள் ஒரே நேரத்தில் ஜெனீவாவையும் சுவிட்சர்லாந்தையும் சேர்ந்தவர்களாக இருக்க முடியும் என்பதை ஏற்கத் தடுமாறியதைப் பதிவு செய்தார். உங்கள் மகனும் "நான் இலங்கையில இல்ல, தோட்டத்துல இருக்கேன்" என்று சொன்னால் வியப்படையாதீர்கள். பழைய கடித உறையொன்றில் அவன் பெயர், லயன் (வீட்டு வரிசை), டிவிஷன் (தோட்டப் பிரிவு), தோட்டம், நகரம், நுவரெலியா மாவட்டம், இலங்கை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டி, இவை எல்லாம் அவன் இருக்கும் ஒரே இடத்தின் பெயர்கள் என்று சொல்லுங்கள். தாய் என்பதற்கு அவனிடமே விளக்கம் இருக்கிறது. தோட்டத்து மாரியம்மனையும் அவன் அம்மா என்றுதான் கும்பிடுகிறான். ஆனால் தனக்குச் சோறூட்டும் அம்மா நீங்கள்தான் என்பதில் அவனுக்குக் குழப்பமில்லை. சோறும் தண்ணீரும் இருக்க இடமும் தருவதால் இந்த மண்ணையும் அன்போடு அம்மா என்கிறோம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்வான். நாட்டையும் தெய்வமாகக் கும்பிடச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

அப்பாயியின் பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். "ஊரான ஊரிழந்தேன், ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்" என்று தொடங்கும் அந்த நாட்டார் பாடலில் வருவது மண்ணன்று; தமிழகத்துக் கிராமத்தில் விட்டுவந்த, பெயரும் முகமும் உள்ள ஒரு தாய். "அது அப்பாயியோட பாட்டியோட அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க, இது நாம இருக்கிற நாடு" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் அவனுக்குப் போதும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவர்களை நாடற்றவர்களாக்கியதும், இந்தியாவுடன் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்ததும், பிரசாவுரிமை வழங்கிய 2003இன் சட்டம் வரை அந்தச் சிக்கல் நீண்டதும் உங்களுக்குத் தெரிந்தவை. "புகலிடம்" என்ற சொல்லை அந்தக் கீதத்தில் பாடும்போது ஒரு மலையகத் தாய்க்குத் தொண்டை அடைத்தால் அதில் பிழையில்லை. ஆனால் அந்த வரலாற்றை ஐந்து வயதில் அவன்மேல் ஏற்ற வேண்டாம். பத்து வயதளவில் அவனாகக் கேட்பான். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

தொலைக்காட்சியில் இதே மெட்டைச் சிங்களத்தில் கேட்டு, எது சரியான பாட்டு என்றும் அவன் கேட்கக்கூடும். இரண்டும் ஒரே பாட்டுத்தான். நமது அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பிலும் தமிழ் வரிகள் உள்ளன, 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவில் அது தமிழிலும் பாடப்பட்டது.

நிகழ்ச்சி நாள் நெருங்குவதால், முன்பள்ளி ஆசிரியையிடம் இப்போதே பேசுங்கள். மூன்று பாகங்களையும் பிழையின்றிப் பாடவேண்டும் என்று வற்புறுத்தித் திட்டினால், பாட்டு என்றாலே பிள்ளைக்கு அச்சம் வந்துவிடும். பிறகு "பயந்த" என்ற சொல்லுக்கு அவன் கொண்ட பொருளே சரியாகிவிடும். சொல் தவறினாலும் நிமிர்ந்து நின்று பாடி முடிக்கட்டும் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட விரும்பாத பிள்ளை கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.